என்ன திருடினே?

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. வலையபட்டியில் சின்னதாக ஒரு தையல் கடை. சட்டை, ரவிக்கை, பள்ளிக்கூடச் சீருடை, ஆச்சிமார்களின் தலையணை உறை, எல்லாம் தைப்பேன். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஊர் என்னை நம்பித் துணியைக் கொடுக்கிறது. பட்டுத் துணியில் ஒரு சாண் குறைந்தது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ஆனாலும் ஒரு வீட்டில் விசேஷம் நடந்து, கூட்டத்தில் மோதிரமோ கொலுசோ காணாமல் போனால், எல்லார் கண்ணும் ஒரு நொடி என் பக்கம் திரும்பிவிட்டுத்தான் வேறு இடம் தேடும். நகை பீரோவுக்கு அடியிலிருந்தோ மெத்தை இடுக்கிலிருந்தோ கிடைத்துவிடும். திரும்பின கண்ணுக்கு யாரும் வருத்தம் சொல்வதில்லை.

காரணம், சின்ன வயதில் நான் சீர்திருத்தப் பள்ளியில் இருந்தவன். ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்குக்கூட ஒரு மாதத்துக்குள் அந்தச் சேதி போய்ச் சேர்ந்துவிடும். அளவு கொடுக்க நிற்கும்போது மெல்ல ஆரம்பிப்பார்கள். "அண்ணே, சின்ன வயசுல உள்ளே இருந்தீகளாமே, என்ன திருடினீக?"

ஒன்றும் திருடவில்லை. எத்தனையோ பேரிடம் சொல்லியாயிற்று. சொன்னால் லேசாகச் சிரிப்பார்கள். திருடாதவனை எதற்கு அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பது அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். அதைத்தான் ஒருமுறை விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆற்றாமை.

அப்பா கல்லுடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், நான் விவரம் தெரிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். ஆத்தா ஒரு பெரிய வீட்டில் வளவு கூட்டி, பாத்திரம் தேய்த்து, கிடைத்ததைக் கொண்டுவந்து எங்களை வளர்த்தாள். எமர்ஜென்சி முடிந்த சமயம், என்னைக் காரைக்குடியில் ஒரு டீக்கடையில் விட்டார்கள். கிளாஸ் கழுவுகிற வேலை. சம்பளம் ஆத்தா கைக்குப் போகும், அடி என் முதுகுக்கு வரும். ஒருநாள் கொதிக்கிற டிகாக்ஷன் கையில் கொட்டியதும் ஓடினேன். ஊருக்குப் போனால் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்று பயந்து ஸ்டேஷனுக்கு ஓடினேன். ராமேசுவரத்திலிருந்து மெட்ராஸ் போகிற வண்டி வந்து நின்றது. அப்போது அது மீட்டர் கேஜ், ராத்திரி முழுவதும் ஓடி விடிந்தபிறகு செங்கல்பட்டு ஏரியோரமாகப் போகும். எழும்பூரில் இறங்கி ரெண்டு மூணு ராத்திரி பிளாட்பாரத்தில் படுத்திருந்தேன். அங்கேதான் போலீஸ் பிடித்தது.

சிறுவர் நீதிமன்றத்தில் ஊர் எது என்று கேட்டார்கள். வலையபட்டி என்றேன். தமிழ்நாட்டில் எத்தனை வலையபட்டி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? மதுரைப் பக்கம் ஒன்று, நாமக்கல் பக்கம் ஒன்று, எங்களுடையது ஒன்று. விசாரணைக் கடிதம் வேறொரு வலையபட்டிக்குப் போய், இப்படி ஒரு குடும்பம் இங்கே இல்லை என்று பதில் வந்தது. கேட்பாரற்ற பிள்ளை என்று எழுதிவிட்டார்கள். செட்டிநாட்டு வலையபட்டி என்று நான் சொன்னேனா, சொன்னதை எழுதினார்களா, யாருக்கும் தெரியாது. அந்த ஒரு வரியில் என் பிள்ளைப் பருவம் போயிற்று.

திருடாதவனை ஏன் வைத்தார்கள் என்று கேட்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது நடந்தது 1920-ஆம் வருஷத்து மெட்ராஸ் குழந்தைகள் சட்டம். இந்தியாவிலேயே அப்படியொரு சட்டம் முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான். வங்காளத்தில் 1922, பம்பாயில் 1924. அந்தச் சட்டத்தில் திருடின பையனும் வருவான், பிச்சை எடுத்தவனும் வருவான், வீடு வாசல் இல்லாமல் சுற்றினவனும் வருவான், அப்பன் ஜெயிலில் இருப்பவனும் வருவான். அடங்காத பிள்ளை என்று பெற்றவர்களே மனுக் கொடுத்துச் சேர்க்கவும் வழி இருந்தது. அதற்கும் முந்தியது 1897-ஆம் வருஷத்துச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம். அதன்படி குற்றம் செய்த பதினைந்து வயதுக்குள்பட்ட பையனை மூன்று வருஷத்துக்குக் குறையாமல், ஏழு வருஷத்துக்கு மேற்போகாமல் அடைக்கலாம். சின்னத் திருட்டு என்றாலும் குறைந்தது மூன்று வருஷம். பெரியவன் அதே திருட்டைச் செய்தால் சில மாதத்தில் வெளியே வந்துவிடுவான், பையனைத் திருத்த வேண்டும் என்பதால் பையனுக்குக் கூடுதல் காலம். செங்கல்பட்டுக் கோட்டைக்குள் 1887-இல் வெள்ளைக்காரன் ஆரம்பித்த பள்ளியிலிருந்து வந்த புத்தி இது. பசித்த பிள்ளையையும் பறித்த பிள்ளையையும் ஒரே வாசல் வழியாக உள்ளே விட்டார்கள். 1986-இல் வந்த இளஞ்சிறார் நீதிச் சட்டம்தான் இவன் கைவிடப்பட்டவன், இவன் குற்றம் செய்தவன் என்று நாடு முழுவதற்கும் இரண்டு வழியாகப் பிரித்தது. அதற்குள் நான் வெளியே வந்து தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தேன்.

என் பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. நல்லவர்களும் அங்கே இருந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் இப்போதும் அந்த ஊரில் இருக்கலாம்.

உள்ளே போனதும் மொட்டை. காக்கி டிராயர், கோராத் துணிச் சட்டை, சட்டையில் நம்பர். காலையில் மணி, எண்ணிக்கை, கஞ்சி, எண்ணிக்கை, வகுப்பு, எண்ணிக்கை. ராத்திரி பாயில் படுத்த பிறகும் எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் அத்தனை பேரும் எழுந்து குந்தி உட்கார வேண்டும். எண்ணுகிறவருக்குக் கணக்கு தப்பினாலும் எங்களுக்குத்தான் அடி. சொறி சிரங்கு எல்லாருக்கும் இருந்தது. வெள்ளை மருந்தைக் கழுத்திலிருந்து கால்வரை பூசிவிட்டு வெயிலில் நிறுத்துவார்கள், எரிச்சலில் சின்னப் பையன்கள் குதிப்பார்கள். பெரிய பையன்களில் சிலரை மானிட்டர் ஆக்கியிருந்தார்கள். வார்டர் அடித்தது பகலில். மானிட்டர் அடித்ததும் மற்றதும் ராத்திரியில். மற்றது என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை. அத்தனை பேரையும் ஒரு கொட்டடியில் போட்டு, பத்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் பதினேழு வயதுக்காரனைப் படுக்க வைத்தால் என்ன நடக்கும் என்று படித்து வந்த அதிகாரிகளுக்குத் தெரியாதா? தெரிந்தும் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

பெரிய அதிகாரி வருகிற நாளில் மட்டும் எல்லாம் மாறும். புதுச் சட்டை பெட்டியிலிருந்து வெளியே வரும். சாம்பாரில் காய் இருக்கும். "குறை ஏதும் உண்டா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்பார். அவருக்குப் பின்னால் வார்டர் நின்றுகொண்டு எங்களைப் பார்ப்பார். இப்படிக் கேட்பதில் என்ன பயன்? பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

தையல் வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் கையில் பிரம்பு இல்லை, அளவு டேப்தான். காஜா எடுக்கக் கற்றுக் கொடுத்து, கோணலாகப் போனால் பிரித்து மறுபடி போடச் சொல்வார். அந்தக் கொட்டடியிலிருந்த அத்தனை பேரில் கைத்தொழிலோடு வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் மனசு கனத்துவிடும். மிஷின்கள் ஐந்தாறுதான். நூல் வந்தால் ஊசி இருக்காது, ஊசி வந்தால் வாத்தியார் லீவில் இருப்பார். தச்சு, நெசவு என்று பலகையில் எழுதியிருந்தது, உளி பூட்டின அலமாரியில் கிடந்தது.

எனக்கு எழுதத் தெரிந்த பிறகு ஊருக்குத் தபால் கார்டு போட்டேன். பெரிய வீட்டு ஆச்சி அதை வாசித்துச் சொல்ல, ஆத்தா அந்த முற்றத்திலேயே விழுந்து அழுதாளாம். செத்துப்போனேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். ஆச்சி கொடுத்த பணத்தில் என்னைப் பார்க்க வந்தாள். மனு பார்க்கிறது என்று அதற்குப் பெயர், ஜெயிலில் சொல்வது போலத்தான் அங்கேயும் சொல்வார்கள். போக வர பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அவளுடைய பல நாள் கூலி. வந்து சேர்ந்தபோது மனு நேரம் முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வா என்றார்கள். அடுத்த ஞாயிறு வரை அவள் எங்கே போய்ப் படுப்பாள்? வாசலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து ஒரு வார்டர் மனமிரங்கி, கம்பி வழியாகக் கொஞ்ச நேரம் பேசவிட்டார். அதற்கப்புறம் அவளால் வர முடியவில்லை.

பெற்றவள் வந்துவிட்டாளே, விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மனுக் கொடுத்தோம். ஒரு அதிகாரி இந்த ஊருக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார். தாய்க்கு நிலையான வருமானம் இல்லை, வீட்டுச் சூழல் பையன் வளர ஏற்றதல்ல என்று அறிக்கை போயிற்று. கூரை வீடு, ஒரு அறை, உண்மைதான். ஆனால் என் தம்பியும் தங்கையும் அதே வீட்டில்தான் வளர்ந்தார்கள், ஒழுங்காகத்தான் வளர்ந்தார்கள். என்னை உள்ளே வைக்க அரசாங்கம் செலவழித்த பணத்தில் கால்வாசியை ஆத்தா கையில் கொடுத்திருந்தால் நான் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பேன். இப்போது அதற்கு மிஷன் வாத்சல்யா என்று திட்டம் வைத்து, வளர்க்க வழியில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்கலாம் என்கிறார்கள். நல்ல திட்டம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அதைக் கேள்விப்பட்ட தாய்மார்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வெளியே விட்ட அன்றைக்கு ஒரு சட்டை, ஒரு வேட்டி, பஸ் கட்டணம், ஒரு சான்றிதழ். அவ்வளவுதான். உள்ளே இருந்தவரை நாளுக்கு எத்தனை முறை எண்ணினார்களோ, வெளியே வந்த பிறகு நான் இருக்கிறேனா செத்தேனா என்று ஒருவர்கூட எண்ணவில்லை. என்னோடு அதே வாரம் வெளியே வந்த பையன்களில் சிலர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை. போக இடமில்லாதவன் பஸ் ஸ்டாண்டில்தான் படுப்பான், அங்கே படுத்தவனைப் போலீஸ் பிடிக்கும், பிடித்தபின் பழைய கதையைக் கிளறும். பதினெட்டு தாண்டிவிட்டால் அடுத்த வாசல் ஜெயில்.

எனக்கு ஆத்தா இருந்தாள், ஊர் இருந்தது. ஊர் என்னைச் சேர்த்துக்கொண்ட விதத்தையும் சொல்கிறேன். முதலில் தைக்க யாரும் துணி தரவில்லை. அந்த ஆச்சிதான் திரைச்சீலைத் துணியைக் கட்டாகக் கொடுத்து, "தைப்பா, பாப்பம்" என்றார். அதைப் பார்த்து நாலு பேர் தந்தார்கள். எங்கள் ஊர் ஆட்கள் பர்மா, மலேயா என்று கடல் தாண்டிப் போய்ப் பிழைத்தவர்கள், எனக்கும் அந்த ஆசை வந்தது. மலேசியாவில் ஒரு தையல் கடையில் ஆள் கேட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர் டீக்கடையில் கேட்டிருக்கிறார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள், "அவனா, சின்னதுலயே ஜெயிலுக்குப் போனவனாச்சே" என்று சொல்லியிருக்கிறார்கள். என் பேரில் ஒரு வழக்கு கிடையாது, ஒரு தீர்ப்பு கிடையாது. தாலுகா ஆபீஸுக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்து நடந்து அதை நிரூபிப்பதற்குள் மலேசியாக்காரர் வேறு ஆளை எடுத்துக்கொண்டார். பெண் பார்க்கப் போன இடங்களில் நடந்ததை எழுத மனமில்லை.

இன்றைக்கு இருக்கிற சட்டம், 2015-ஆம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டம், எனக்கு நடந்தது எதுவும் நடக்கக் கூடாது என்று வரிக்கு வரி சொல்கிறது. பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. கைவிலங்கு போடக் கூடாது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். குற்றம் நிரூபணமானாலும், கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவனைத் தவிர, அந்தத் தீர்ப்பால் பிற்காலத்தில் பையனுக்கு எந்தத் தகுதிக் குறைவும் வரக் கூடாது. பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. வாசிக்கும்போது, இதை எழுதினவர்கள் எங்களைப் போன்ற பையன்களை நினைத்துத்தான் எழுதினார்கள் என்று கண் கலங்கும்.

அந்தச் சட்டம் வந்து ஆறேழு வருஷத்துக்குப் பிறகு, 2022 டிசம்பர் கடைசியில், தாம்பரத்துப் பையன் ஒருவனை ரயில்வே இடத்தில் பேட்டரி திருடினான் என்று பிடித்துச் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். பதினேழு வயது. டிசம்பர் 31-ஆம் தேதி பிணமாகத்தான் தாய்க்குக் கிடைத்தான். உடம்பெல்லாம் காயம். இல்லத்தின் கண்காணிப்பாளர் உள்ளிட்ட ஆறு பேரைக் கைது செய்தார்கள். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் கடை திறக்கவில்லை. 1887-இல் பிள்ளைகளை அடைக்க இடம் தேடிய அதே ஊர். ஒரு பேட்டரிக்கு என்ன விலை? வீட்டுக்கு அனுப்பி, அந்தத் தாயை அழைத்துப் பேசி, தவணையில் கட்டச் சொல்லியிருந்தால் தீர்ந்துபோயிருக்கும் விஷயம்.

பிறகு 2023-இல் இந்த இல்லங்களை எப்படிச் சீர்செய்யலாம் என்று ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது. அவர் அதே வருஷம் அறிக்கையையும் கொடுத்தார். எனக்கு வேண்டியது சின்னச் சின்ன விஷயங்கள். ராத்திரி விளக்கு எரிய வேண்டும். சின்னவனும் பெரியவனும் ஒரே அறையில் படுக்கக் கூடாது. பார்க்க வருகிற தாய்க்குப் பஸ் கட்டணம் கொடுக்க வேண்டும், நேரம் தவறி வந்தாலும் பிள்ளையைக் காட்ட வேண்டும். சிறப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட காரைக்குடிப் பக்கத்துப் பையன் செங்கல்பட்டில் இருந்தால் நடுவில் 350 கிலோமீட்டர். கூலிக்காரத் தாய் அதை எப்படிக் கடப்பாள்? நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் என் ஆத்தா கடக்க முடியாத தூரம் இன்னமும் அப்படியே கிடக்கிறது.

அயர்லாந்தில் இதே மாதிரிப் பள்ளிகளில் அடிபட்டு வளர்ந்தவர்களிடம் 1999-இல் அந்த நாட்டுப் பிரதமர் பெர்டி அஹெர்ன் அரசின் சார்பில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். விசாரணை ஆணையம் வைத்தார்கள், 2009-இல் ஐந்து தொகுதிகளாக அறிக்கை வந்தது. கிழவர்களாகிவிட்டவர்களை உட்கார வைத்து, உனக்கு என்ன நடந்தது என்று கேட்டு எழுதினார்கள், நஷ்டஈடும் கொடுத்தார்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பணம் கிடக்கட்டும், கேட்டு எழுதிக்கொள்ள ஒரு ஆள் வந்திருக்கலாம்.

போன மாதம் பக்கத்து ஊர் பெண் ஒருத்தி கடை வாசலில் வந்து நின்றாள். பையன் பத்தாவது படிக்கிறவன், கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறான். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கூட இருந்த வசதியான வீட்டுப் பையன் போன் பேசியே அன்றைக்கே வீடு திரும்பிவிட்டான், இவனை இல்லத்தில் விட்டுவிட்டார்கள். "அண்ணே, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமாம்ல, எங்கிட்டு போயி யாரைப் பாக்கணும்னு சொல்லுங்கண்ணே" என்று அழுதாள். வேறு எதற்காகவோ என்னைப் பற்றி ஊர் பேசினது அவளுக்கு இப்படி உதவியது.

உட்கார வைத்துச் சொன்னேன். பன்னிரண்டாவது பிரிவின்படி பிள்ளைக்கு ஜாமீன்தான் பொதுவிதி, ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், கேள். கொடுங்குற்றம் இல்லை, பெரியவர்கள் யாரும் சேர்ந்து செய்ததில்லை என்றால் எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது, போட்டிருக்கிறார்களா பார். வக்கீலுக்குக் காசு கொடுக்காதே, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, நம்பர் 15100. பிள்ளையை அடித்தால் 1098. பையனின் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தவற விடாதே, இல்லத்திலிருந்தே எழுத வைக்கச் சொல். எல்லாவற்றையும் பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.

ஒவ்வொரு ஊராட்சிக்கும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்கிறது, தலைவர் பெயரோடு பேப்பரில் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, நன்னடத்தை அலுவலர் இருக்கிறார். ஸ்டேஷன்தோறும் இதற்கென்று ஒரு போலீஸ் அலுவலர் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இத்தனை பேரில் ஒருவர்கூடச் சொல்லாத விஷயத்தை அவள் பஸ் ஏறி வந்து ஒரு தையல்காரனிடமா கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?